மல்லிக்கு இன்னொரு பொருள்

எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எல்லாவற்றுக்கும் அதே கிழமை. ஊர் சுற்ற எனக்குக் கிடைக்கிற ஒரே நாளில் எந்த ஊர் நூலகமும் திறந்திருக்காது. பதினெட்டு வருட சர்வீஸில் வெளியூர் நூலகங்களில் நான் அதிகம் பார்த்தது திண்டுக்கல் பூட்டைத்தான்.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மல்லாங்கிணறுக்குப் பஸ் ஏறியபோதும் இது தெரிந்தேதான் ஏறினேன். நான் போனது நூலகம் பார்க்க அல்ல. என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. அதில் பதினான்காவது வேலை பாக்கி.

பட்டியல் என்னுடையது, யோசனை இரவல். 2006இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் பிளவர்ஸ் என்ற அதிகாரி தன் ஊழியர்களுக்கு 23 சின்ன வேலைகள் கொடுத்தார். இணையத்தில் ஒரு படத்தை ஏற்று, ஒரு வலைப்பதிவு தொடங்கு, விக்கியில் ஒரு வரி எழுது என்கிற மாதிரி. வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அவரவர் வேகத்தில் விளையாடிப் பார்க்க வேண்டும். முடித்தவர்களுக்கு ஒரு எம்பி3 பிளேயர் பரிசு. அதற்கு முந்தின வருடம்தான் மைக்கேல் கேசி என்பவர் 'லைப்ரரி 2.0' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டிருந்தார். 23 வேலைகள் ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று பல நாட்டு நூலகங்களுக்குப் பரவின. எனக்கு அந்தச் செய்தி பதினைந்து வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. நான் மூன்றாம் நிலை நூலகர். எங்கள் பக்கம் எல்லாமே கொஞ்சம் நிதானமாகத்தான் வரும். பரிசு தர யாரும் இல்லாததால் வெள்ளிக்கிழமைகளை நானே எனக்குப் பரிசாக வைத்துக்கொண்டேன்.

நீள நோட்டில் எழுதிய அந்தப் பட்டியலில் முதல் வேலை வாட்ஸ்அப் குழு. அதிலேயே வழுக்கி விழுந்தேன். எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். புதுப் புத்தகம் வந்தால் சொல்லலாம் என்று உறுப்பினர் பதிவேட்டிலிருந்து எண்களை எடுத்து எல்லாரையும் ஒரே குழுவில் சேர்த்தேன். முதல் வாரம் காலை வணக்கப் படங்கள். இரண்டாம் வாரம் சாமி படங்கள். மூன்றாம் வாரம் ஒரு பெண் வந்து மேசை ஓரமாக நின்றாள். குரலைத் தணித்து, "மேடம், குரூப்ல இருந்து நம்பர் எடுத்து ஒருத்தர் ராத்திரில போன் பண்றார்" என்றாள்.

யார் எந்தப் புத்தகத்தை இரவல் எடுத்தார் என்று கணவன் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தோடுதான் அறுபத்துச் சொச்சம் பேருடைய எண்ணைப் பந்தியில் பரிமாறியிருக்கிறேன். தப்பு செயலி மேல் இல்லை. எனக்குத்தான் தோன்றவில்லை. அன்றைக்கே குழுவைக் கலைத்துவிட்டு, ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாதபடி அனுப்புகிற ஒலிபரப்புப் பட்டியலுக்கு மாறினேன். அந்தப் பெண் அதற்கப்புறமும் நூலகத்துக்கு வந்தாள். ஆனால் நுழைவுப் பதிவேட்டில் பெயரை எழுதும்போது ஒரு கணம் பேனாவைத் தயங்கவிடுவாள். அதை நான் பார்ப்பேன்.

மற்ற வேலைகள் இவ்வளவு காயப்படுத்தவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கு கியூஆர் கோடு எடுத்து அலமாரியில் ஒட்டினேன். விக்கிமூலத்தில் பக்கங்களுக்கு மெய்ப்புப் பார்க்கப் பழகினேன். அது எனக்குப் பிடித்துப்போன வேலை, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை வருடிய பக்கங்களாக அங்கே இருக்கின்றன. இயந்திரம் படத்தைப் பார்த்து எழுத்தாக்கித் தரும். நாம் இடது பக்கம் எழுத்தையும் வலது பக்கம் படத்தையும் வைத்துத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், இன்னொருவரும் பார்த்து ஒப்புக்கொண்டால் பச்சை. இயந்திரத்துக்குக் கால் எழுத்துக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் புலப்படுவதில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய புத்தகமென்றால் கொம்பு வைத்த பழைய 'லை'யைக் கண்டு மிரண்டுவிடும். மாலை நேரத்தில் வாசகர் குறைந்த பிறகு தினம் இரண்டு பக்கம் மஞ்சளாக்குவேன். யாரோ முகம் தெரியாத ஒருவர் மறுநாள் அதைப் பச்சையாக்கியிருப்பார். சர்வீஸில் இப்படியொரு சக ஊழியர் எனக்கு வாய்த்ததில்லை.

பதினான்காவது வேலை இது: ஓர் ஊருக்குப் போ, அந்த ஊரைப் பற்றி இணையத்தில் கிடைக்காத ஒன்றைக் கொண்டுவந்து சேர்.

மல்லாங்கிணறைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எங்கள் அலமாரிதான். எஸ். ராமகிருஷ்ணன் அந்த ஊர்க்காரர். நாதஸ்வரக் கலைஞர்களின் கரிசல் வாழ்வை எழுதிய 'சஞ்சாரம்' நாவலுக்கு 2018இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியவர். 'வனப்பேச்சி', 'மஞ்சணத்தி' தொகுப்புகளின் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனும் அந்த ஊர்தான். ஒரு பேரூராட்சிக்கு இது அதிகம். இத்தனை புத்தகம் அனுப்பிய ஊருக்கு நாம் திரும்பி என்ன அனுப்பியிருக்கிறோம் என்று ஒரு நாள் தோன்றியது.

மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ். விமான நிலையம் தாண்டி, வலையங்குளம் தாண்டி, நாலுவழிச் சாலையில் காற்று மாறுகிற இடம் ஒன்று வரும். மண் கறுக்கத் தொடங்குகிற இடம் அது. மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததால் கரிசல் இன்னும் வெடிக்கவில்லை. ஈரம் உள்ளே இறங்கி மேலே பொருக்குத் தட்டியிருந்தது. சாலையின் இரு பக்கமும் சீமைக்கருவேல். அங்கங்கே கரிமூட்டத்தின் புகை. சின்ன வயதில் எங்கள் தெருவில் இருந்த அரசு ஊழியர் ஒருவரை இந்தப் பக்கம் மாற்றியபோது அவர் மனைவி அழுதது நினைவுக்கு வந்தது. தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திவிடுவேன் என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் இந்தப் பகுதிகள்தான்.

காரியாபட்டியில் இறங்கி விருதுநகர் சாலையில் போகும் டவுன் பஸ் பிடித்தேன். 2021இலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. நடத்துநர் கொடுத்த சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டேன். பக்கத்து இருக்கைப் பெண் மடியில் தூக்குவாளி வைத்திருந்தாள். யாரிடமோ போனில், "காட்டுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன்" என்றாள். வனத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. இங்கே காடென்றால் மானாவாரி நிலம். எனக்கு இது முன்பே தெரியும். தெரிந்த ஒன்றைக் காதால் கேட்பது வேறு.

போனில் குறிப்பெழுத, குரலைக் கேட்டுத் தானே தட்டச்சு செய்யும் வசதியைப் பயன்படுத்திப் பார்த்தேன். பட்டியலில் அது பதினோராவது வேலை. "மல்லாங்கெணறு வந்தாச்சு" என்றேன். "மல்லாந்த கிணறு வந்தாச்சு" என்று எழுதியது. இரண்டாவது தடவை "மல்லாங்கிணறு" என்று புத்தகத் தமிழில் அழுத்திச் சொன்ன பிறகுதான் அது ஒத்துக்கொண்டது. பக்கத்துப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஊர் பேரை ஒருத்தி இரண்டு முறை பலமாகச் சொன்னால் யாராயிருந்தாலும் பார்ப்பார்கள்.

கையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் தனியாக நடந்தால் இந்தப் பக்கத்தில் அதற்கு இரண்டே காரணம் இருக்க முடியும் போலிருக்கிறது. கண்மாய்க் கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது சைக்கிளை நிறுத்திய பெரியவர் கேட்டார்:

"அளக்க வந்திருக்கீகளா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப குழுக்கடனா?"

நூலகர் என்றேன். அவர் முகத்தில் நிம்மதியும் ஏமாற்றமும் சேர்ந்தே வந்தன. "லைப்ரரி இன்னைக்கி லீவுல்ல தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நூலகருக்கு நூலகத்தின் விடுமுறை நாளை நினைவுபடுத்திய அந்த மனிதர் வாசகராகத்தான் இருக்க வேண்டும்.

படமெடுப்பதில் எனக்கு ஒழுங்கு வந்தது பட்டபிறகுதான். விக்கிமீடியா காமன்ஸில் நான் முதன்முதலில் ஏற்றியது ஒரு புத்தக அட்டை. அட்டை ஓவியருக்கும் பதிப்பாளருக்கும் உரிமை உள்ள ஒன்றை என் சொத்து மாதிரி எல்லாருக்கும் எழுதிவைத்தேன். நீக்கிவிட்டார்கள். நீக்கியதுதான் சரி. பிறகு உட்கார்ந்து சட்டம் படித்தேன். நம் நாட்டில் ஆசிரியர் இறந்து அறுபது வருடம் வரை பதிப்புரிமை உண்டு. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கிற கட்டடத்தையும் சிலையையும் படமெடுத்துப் போடலாம். சுவர் ஓவியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழ்நாட்டில் இதைக் கடைப்பிடிப்பது சிரமம். பள்ளிக்கூடச் சுவரெல்லாம் ஓவியம்தான். அன்றைக்கும் ஒரு சுவரில் அழகான மாட்டுவண்டி வரைந்திருந்தது. கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு நகர்ந்தேன். கண்மாய்க் கரை, கருவேலங்காடு, ஒரு மஞ்சணத்தி மரம். நுணா என்று மற்ற ஊர்களில் சொல்கிற மரம். படத்தின் விவரக் குறிப்பில் இரண்டு பெயரையும் எழுதினேன். நூலக அட்டைப்பட்டியலில் 'காண்க' என்று குறித்துவைப்போமே, அந்தப் பழக்கம்.

ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஒரு புஞ்சையின் பொழியில் வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டைக் கும்பாச்சியாகக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே கூப்பிட்டார்.

"எங்கிட்டு இருந்து வாரீக? மல்லி பாக்கவா?"

நான் சுற்றிப் பார்த்தேன். மதுரைக்காரிக்கு மல்லி என்றால் ஒன்றுதான். காலையில் நாலு மணிக்குப் பறித்து, மொட்டு விரிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வந்துவிட வேண்டிய ஒன்று. இங்கே கரிசலில், அரையடி உயரத்தில், வெளுத்த பூவோடு வேறு ஏதோ பயிர் நின்றது. "மல்லியா? பூவையே காணோமே பாட்டி" என்றேன்.

அவர் சிரிப்பதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு குனிந்து ஒரு கொத்தைக் கிள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினார். கொத்தமல்லி. ஐப்பசி மழைக்கு விதைத்தது, பூவும் பிஞ்சுமாக நின்றது. மழையை மட்டுமே நம்பி, தண்ணீர் கட்டாமல் விளைகிற மல்லி. "மருதையில மல்லின்னா தலையில வைப்பீக. நாங்க கொழம்புல வைப்போம்" என்றார்.

கையில் அந்த வாசம் நாள் முழுக்க இருந்தது.

நான் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டேன். வந்த வேலை இதுதான் என்று புரிந்தது. கண்மாய்ப் படத்தை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். பாட்டி சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். அறுவடை முடிந்து காய்ந்த பருத்திச் செடி பருத்திமார். அதை அடுப்பெரிக்க அடுக்கிவைத்தால் அதுவும் ஒரு படப்பு. மண்ணால் செய்த ஆளுயரத் தானியக் கூடு குலுக்கை. அவர் மாமியார் வீட்டில் இருந்ததாம், இப்போது இல்லை. "இப்ப யாரு சேத்து வைக்கா? வண்டி காட்டுக்கே வந்து அள்ளிக்கிட்டுப் போயிருது." சொற்களைப் போன் கேட்டால் எப்படி எழுதும் என்று பார்க்க ஆசை வந்தது. பாட்டி வாய்க்கருகே பிடித்தேன். பருத்திமார் 'பருத்தி மோர்' ஆனது. குலுக்கை 'குலுக்கல்' ஆனது. கம்மாக்கரை 'கம்மல் கரை.' ஒவ்வொன்றாக நான் வாசித்துக் காட்டினேன். "கம்மலுக்கு ஏதுடி கரை?" என்று அவர் போனைப் பார்த்துத்தான் கேட்டார்.

பரிகாசம் பண்ணிவிட்டோம். ஆனால் அந்தக் கருவியின் மேல் எனக்குக் கோபமில்லை. அது கேட்ட தமிழில் இந்தச் சொற்கள் இருந்திருக்காது. எழுத்திலும் ஒலியிலும் யாரோ கொண்டுபோய்ச் சேர்த்தால்தானே அதற்குத் தெரியும்? இடைசெவல் கி. ராஜநாராயணன் இதை எழுத்தில் செய்தார். ஏழாம் வகுப்பைத் தாண்டாத அந்த மனிதர் நண்பர்களையெல்லாம் வேலை வாங்கிக் கரிசல் சொற்களைத் திரட்டி 1982இல் 'வட்டார வழக்குச் சொல்லகராதி'யைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை. ஒலிக்கு இப்போது விக்சனரியோடு சேர்ந்து லிங்குவா லிப்ரே என்ற தளம் இருக்கிறது. ஒரு சொற்பட்டியலைத் திரையில் காட்டும். ஒவ்வொன்றாகச் சொன்னால் தனித்தனியாக வெட்டிச் சேமிக்கும். பிரான்சின் விக்கிமீடியா ஆட்கள் தொடங்கியது. பட்டியலில் பதினாறாவது வேலையாக அதை எழுதிவைத்திருந்தேன். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று என் கணக்கு ஓடியது.

போனில் ஒலிப்பதிவை வைத்துச் சொற்களைச் சொல்லச் சொன்னேன். சொன்னார். நடுநடுவே கதையும் வந்தது. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றித் தன் பாட்டி சொன்னது, தன் கல்யாணத்துக்குக் கம்பு குத்தியது, இறந்துபோன ஒரு மகன். நிறுத்தியபின் போட்டுக்காட்டினேன். போனைக் காதோடு ஒட்டிக் கேட்டவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இது நானா? எங்க ஆத்தா பேசுன மாதிரில்ல இருக்கு."

அடுத்து உரிமம். இதை இணையத்தில் போட வேண்டுமானால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட வேண்டும். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். யாருடையது என்று பெயர் சொன்னால் போதும். ஒரு நூலகராக இதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். பொழியில் உட்கார்ந்து விளக்கும்போதுதான் அதன் கனம் தெரிந்தது.

"ஒங்க பேச்சை யாரு வேணாலும் எடுத்துக்கலாம் பாட்டி. விக்கக்கூடச் செய்யலாம்."

"பேச்சை எவன் வெலைக்கு வாங்குவான்?"

வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். குரலைக் கேட்டு எழுதும் இயந்திரமும் எழுத்தைக் குரலாக்கும் இயந்திரமும் இத்தகைய பதிவுகளைத் தின்றுதான் வளர்கின்றன. 'கம்மல் கரை' சரியாக வேண்டுமானால் இந்தப் பாட்டியின் குரல் உள்ளே போக வேண்டும். போனால் திரும்ப எடுக்க முடியாது. "போட்டுக்க தாயி, எனக்கென்ன" என்றுதான் அவர் சொன்னார். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கலாம். பேனாவைத் தயங்கவிடும் அந்தப் பெண்ணின் கை எனக்கு நினைவுக்கு வந்தது. அவளும் தன் எண்ணை எனக்குத் தயங்காமல்தான் எழுதிக்கொடுத்தாள்.

கிளம்பும்போது ஒரு கொத்து மல்லியை வேரோடு பிடுங்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். காசு நீட்டினேன். அடிக்க வந்தார்.

திரும்பும் வழியில் நூலகத்தைத் தேடிப் போய் நின்றேன். பூட்டு. படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். சொத்து வரி ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நாம் கட்டுவதில் நடப்பவை இந்தக் கட்டடங்கள். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் அதற்கு வழி செய்தது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் பல வருடம் அதற்காக அலைந்தார். நூலகத்தை வளர்கிற உயிர் என்றே அவர் கருதினார். 1931இல், அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்த அதே வருடம், மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். பள்ளிச் சுவரில் நான் படமெடுக்காமல் விட்ட வண்டியில் வைக்கோல் இருந்தது. புத்தகம் இருந்திருந்தால் சட்டத்தை மீறியிருப்பேனோ என்னவோ.

இந்த ஊருக்கும் நூலகத்துக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15இல் திறக்கப்பட்டபோது பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு மல்லாங்கிணறுக்காரர். அடுத்த வருடம் ஆட்சி மாறியது. அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. உயர் நீதிமன்றம் தடை போட்டுத்தான் நூலகம் பிழைத்தது. அந்த நவம்பரில் எங்கள் வாசகர் வட்டத்துப் பெரியவர்கள் தினமும் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சென்னை நூலகத்தைப் பார்த்தவரில்லை. ஒன்பது மாடி நூலகத்துக்காக ஓர் ஓட்டுக் கட்டடத்தில் சண்டை.

மதியத்துக்கு மேல் காரியாபட்டி வந்து அருப்புக்கோட்டை போய், அங்கிருந்து திருச்சுழி. அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் ஒரு அம்மா கூடையோடு "மல்லி, மல்லி" என்று கூவினார். எட்டிப் பார்த்தேன். பூ. காலையில் கொழம்பில் கிடந்த சொல் சாயங்காலத்துக்குள் தலைக்கு ஏறிவிட்டது.

திருச்சுழிக்கு நான் நியாயம் செய்யவில்லை, நேரம் போதவில்லை. ரமணர் 1879இல் பிறந்த வீடு திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே சுந்தர மந்திரம் என்ற பெயரில் இருக்கிறது. ஐந்து நிமிடம் திண்ணையில் இருந்தேன். அதிகம் பேசாமலே இருந்த ஒருவர் பிறந்த வீட்டில், பை நிறைய ஒருவருடைய பேச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கூச்சமாக இருந்தது. கோயில் சுவர்க் கல்வெட்டில் போனைக் காட்டி எழுத்தை வாசிக்குமா என்று பார்த்தேன். ஏதேதோ எழுதியது, ஒரு வரியில் தெலுங்கு எழுத்துக்கூட வந்தது. குண்டாற்றில் தண்ணீர் இருந்தது என்று சொல்ல ஆசை. கருவேல்தான் இருந்தது.

ராத்திரி பஸ்ஸில் மதுரை திரும்பும்போது ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். போடாமல் விட்டால் என்னாகும் என்ற பயமும் இருந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. பிரதி இல்லாததெல்லாம் அதோடு முடிந்தது. அந்தச் சூடு பட்டவர்கள் 2005இல் தொடங்கியதுதான் நூலகம் என்ற இணையத் திட்டம். ஈழத்துப் புத்தகம், பத்திரிகை, கல்யாண அழைப்பிதழ்வரை வருடிச் சேர்க்கிறார்கள். வாய்மொழி வரலாறுகளையும் பதிகிறார்கள். வைத்துப் பூட்டினால் எரியும், வெளியே பரப்பினால் பிழைக்கும் என்பது அவர்கள் கண்ட பாடம். என் போன் நாளைக்கே கிணற்றில் விழலாம்.

ஆனாலும் குரலை ஏற்றவில்லை. கதைகளை நீக்கி, சொற்களை மட்டும் வெட்டி ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்தேன். அறுவடைக்கு மறுபடி போய், அவர் பேத்தி யாராவது உடன் இருக்கும்போது, இன்னொரு தடவை கேட்க வேண்டும். அப்போதும் அவர் "போட்டுக்க தாயி" என்றால் போட்டுக்கொள்ளலாம். இருபத்து மூன்று வேலைகளில் இதற்கு எண் கிடையாது. படங்களை மட்டும் அன்றைக்கு இரவே காமன்ஸில் ஏற்றினேன். கண்மாய், கருவேல், மஞ்சணத்தி, பாட்டி பிடுங்கித் தந்த மல்லிக் கொத்து வீட்டுத் திண்ணையில் வாடிக்கிடப்பது.

சொற்கள் மிச்சம். விக்சனரியில் கணக்கைத் திறந்து, மல்லி என்று தட்டி, திருத்துவதற்கான பொத்தானை அழுத்திவிட்டேன். வட்டார வழக்கு, கரிசல், கொத்தமல்லிப் பயிர் என்று எழுதி முடித்து, சான்று என்ற இடத்தில் நின்றேன். விக்கிப்பீடியா அளவுக்கு விக்சனரி சான்று கேட்டுக் கறார் பண்ணுவதில்லை. என் தொழில்தான் கேட்டது. எங்கிருந்து தெரியும்? பொழியில் ஒரு பாட்டி சொன்னார். பெயர்? சொல்ல மாட்டேன். எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம்? வாசனையைத்தான் காட்ட முடியும். சேமிக்காமல் மூடிவிட்டேன்.

சனிக்கிழமை காலை நூலகத்தைத் திறந்ததும் முதலில் போனது 'அகராதிகள்' தட்டுக்கு. கி.ரா.வின் சொல்லகராதி மேல் வரிசையில், சாய்ந்து கிடந்தது. தூசி தட்டினேன். கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டியிருந்தது. நாலே நாலு முத்திரைகள், கடைசியாக வெளியே போய் ஒன்பது வருடமாகிறது. வாசலில் குரூப் 4 பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். நுழைவுப் பதிவேட்டைக் கேட்டாள். கொடுத்துவிட்டு, தேதி முத்திரையைத் திருப்பி அன்றைய நாளுக்கு வைத்து, என்னுடைய உறுப்பினர் எண்ணிலேயே அந்த அகராதியை இரவல் போட்டுக்கொண்டேன். பதினான்கு நாள் தவணை.